பொருள்: ஓரகத்தியின் தொண்டை தொடர்பாக

நான் சாமி கும்பிடுகிறவள். செவ்வாய், வெள்ளி தவறினதில்லை. மார்கழி முப்பது நாளும் விடியுமுன் பச்சைத் தண்ணீரில் குளித்துவிட்டுக் கோலம் போடுகிறவள். ஆனால் கோயிலில் கண்ணை மூடி நிற்கும்போது நான் நல்லதைத்தான் கேட்கிறேன் என்று நீங்கள் நினைத்தால் அது உங்கள் நல்ல மனசு. பாதி நேரம் எனக்கு வேண்டியதைக் கேட்பேன். மீதி நேரம் இன்னொருத்திக்கு வேண்டாததைக் கேட்பேன். அப்படிக் கேட்டதில் ஒன்று ஊர் முன்னால் மைக்கில் வாசிக்கப்பட்டது. அந்தக் கதைதான் இது.

அந்த இன்னொருத்தி பெயர் சரஸ்வதி. என் கொழுந்தனார் மனைவி, எனக்கு ஓரகத்தி. ராஜபாளையத்தில் பிளஸ் டூ வரை படித்துவிட்டு எங்கள் ஊருக்கு வாழ வந்தவள். (நான் எட்டாவது. அதிலும் கணக்கில் நாற்பதைத் தாண்டினதில்லை.) எங்கள் ஊர் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து மலைப்பக்கமாக மினி பஸ்ஸில் இருபது நிமிஷம். எங்கள் வீடும் அவள் வீடும் ஒட்டியவை. நடுவில் இடுப்பளவு சுவர்.

சரசு கெட்டவள் இல்லை. அதுதான் பிரச்சினையே. கெட்டவளாக இருந்திருந்தால் நிம்மதியாகச் சண்டை போட்டிருப்பேன். வாய்க்கு வாய் அக்கா என்பாள். என் வீட்டுக்காரர் மில் ஷிப்ட் முடிந்து வந்து சாப்பிட உட்கார்ந்தால், ரசத்தை முகர்ந்து பார்த்து, "சரசு வச்சதா?" என்று ஆசையாகக் கேட்பார். நான் வளர்த்த கோழி அவள் வீட்டுப் பின்பக்கம் போய்த்தான் முட்டையிடும். அதையும் அவள் எடுத்து வைத்துக்கொள்ள மாட்டாள், கழுவிக் கிண்ணத்தில் வைத்துக் கொண்டுவந்து தருவாள். எனக்கு அது இன்னும் எரியும்.

கோழி போகட்டும். என் மகள் செல்வியும் அந்தச் சுவரைத்தான் தாண்டினாள்.

செல்வி அப்போது எட்டாவது. எனக்கு ஒரே பிள்ளை. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பையை என் வீட்டில் எறிந்துவிட்டு, "சித்தி!" என்று சுவரேறிக் குதிப்பாள். அங்கே மணிக்கணக்காகப் பேச்சு நடக்கும். என்னிடம் அவளுக்கு மூன்றே சொல்தான்: ம், இல்ல, தெரியல.

இதற்கு நடுவில் ஒரு தொண்டு நிறுவனத்திலிருந்து ஆட்கள் வந்தார்கள். ஊரில் பிள்ளைகளுக்கு ஒரு மன்றம் வைக்கப் படித்தவர் ஒருவர் வேண்டும் என்றார்கள். ஊரே சரசுவைக் கை காட்டியது. (என் வீட்டுக்காரர் இரண்டு கையாலும் காட்டினார்.) அதிலிருந்து சனிக்கிழமை சாயங்காலம் ஆனால் அவள் வாசலில் இருபது பிள்ளைகள்.

"பிள்ளைகளுக்கும் உரிம இருக்குக்கா. அவுகளுக்கு என்ன குறைன்னு அவுகளே போயி அதிகாரிககிட்டச் சொல்லணும். நாம மைக்கப் பிடிச்சுக் குடுத்தாப் போதும்" என்றாள் என்னிடம்.

"எங்க காலத்துல பிள்ளைகளுக்கு ஒரே உரிமதாம்ட்டி. அடி வாங்குற உரிம" என்றேன். அவள் சிரித்தாள். கோபப்பட்டிருந்தால் எனக்கு நன்றாகத் தூக்கம் வந்திருக்கும்.

சனிக்கிழமைகளில் நான் சுவருக்கு இந்தப் பக்கம் முருங்கைக்கீரை உருவ ஆரம்பித்தேன். ஒரு கொப்புக் கீரையை ஒன்றரை மணி நேரம் உருவுவேன். அங்கே அவள் பிள்ளைகளுக்கு மனு எழுதச் சொல்லிக் கொடுப்பாள். முதலில் அனுப்புநர், அடுத்துப் பெறுநர், அதன் கீழே பொருள். ஆணென்றால் ஐயா, பெண்ணென்றால் அம்மையீர். ஒரு பெயரைத் திரும்பச் சொல்ல வேண்டி வந்தால் 'மேற்படி'. இன்னொருவருக்கும் தெரிய வேண்டுமென்றால் அடியில் 'நகல்'. பிள்ளைகள் கற்றுக்கொண்டார்களோ இல்லையோ, நான் கற்றுக்கொண்டேன். அத்தனை மாதமும் எங்கள் வீட்டில் முருங்கைக்கீரைதான் குழம்பு.

அந்த வருஷம் ஆனி மாசம் செல்விக்குக் காய்ச்சல் வந்தது. ஒன்றுக்குப் போனால் எரிகிறது என்று அழுதாள். ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். டாக்டரம்மா, "தண்ணி ஒழுங்காக் குடிக்கிறியா?" என்று கேட்டார். செல்வி தலையைக் குனிந்துகொண்டாள். நான்தான் முந்திக்கொண்டு, "தெனமும் சீரகத் தண்ணி காய்ச்சிக் குடுத்து விடுதேன் டாக்டர்" என்று பெருமையடித்தேன். கொடுத்துவிட்டது உண்மை. அந்தப் பாட்டில் காலையில் போன அளவோடு சாயங்காலம் திரும்பி வந்ததும் உண்மை. நான் திட்டினேன். சீரகம் பிடிக்கவில்லையோ என்று வெட்டிவேர் போட்டேன். அடுத்த வாரம் துளசி. பாட்டிலையே புதுசாக, பொம்மை போட்டதாக மாற்றினேன். அதுவும் நிறைந்துதான் வந்தது.

ஒரு சனிக்கிழமை கீரையோடு உட்கார்ந்திருந்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் சரசு, "பள்ளிக்கூடத்துல உங்களுக்கு என்ன கஷ்டம்? ஒவ்வொருத்தராச் சொல்லுங்க" என்றாள். செல்வி குரல் கேட்டது.

"பொம்பளப் பிள்ளைக கக்கூஸுக்குத் தாழ்ப்பாளே இல்ல சித்தி. ஒருத்தி உள்ள போனா இன்னொருத்தி வெளிய நின்னு கதவப் பிடிக்கணும். பயலுக அந்தப் பக்கம் வந்து கல்லெறிவானுக. தண்ணியும் வராது. அதான் நான் தண்ணியே குடிக்க மாட்டேன். வீட்டுக்கு வந்துதான் போவேன்."

நல்ல தாயாக இருந்தால் அந்த இடத்தில் நெஞ்சு உருகியிருக்கும். என் நெஞ்சு உருகவில்லை, எரிந்தது. தாழ்ப்பாள் இல்லாதது என் காதில் ஏறவே இல்லை. ஆஸ்பத்திரியில், ஊசி போடும்போது, என் மடியில் படுத்திருந்தபோது சொல்லாததை இவளிடம் சொல்லிவிட்டாளே என்பதுதான் ஏறியது. உருவிய கீரையை அப்படியே ஆட்டுக்குப் போட்டுவிட்டு உள்ளே போனேன்.

செல்வியின் மன்ற நோட்டில் ஒரு தாளைக் கிழித்தேன். எழுதினேன். யாருக்கு எழுதுவது என்று கொஞ்சம் யோசனை இருந்தது. ஆண்டாள் தாயாரிடம் இந்த மாதிரி விஷயம் கேட்கக் கூச்சம். கிளியை வைத்துக்கொண்டு நிற்கிற சின்னப்பெண். எங்கள் ஊர் மாரியம்மன் என்றால் நம் வீட்டு மனுஷி மாதிரி, கோபதாபம் தெரிந்தவள். அவளுக்கே எழுதி, மடித்து, சாமி படத்துக்குப் பின்னால் சொருகி வைத்தேன்.

ஆகஸ்ட் பதினைந்து, கிராம சபைக் கூட்டம். அன்றைக்குப் பிள்ளைகள் தங்கள் மனுவைத் தாங்களே கொடுத்துப் பேசுவதாக ஏற்பாடு. பேசப்போகிறவள் செல்வி. ஒரு வாரமாக அந்தப் பக்கம் ஒத்திகை. "சத்தமாப் பேசு! தலைய நிமுத்து!" என்று சரசு கத்திக்கொண்டே இருந்தாள்.

பதினாலாம் தேதி காலையில் சுவரோரம் வந்து நின்றாள். வாயைத் திறந்தாள். காற்றுதான் வந்தது.

எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. ஆத்தா! எழுதி ஒரு வாரம்தானே ஆகிறது, அதற்குள்ளா! (அவள் ஒரு வாரம் கத்தினது எனக்கு நினைவுக்கே வரவில்லை.) பயமாக இருந்தது. சந்தோஷமாகவும்தான்.

"அக்கா," என்றாள் காற்றுக் குரலில், ஒரு தாளை நீட்டியபடி. "பிள்ளைக எழுதுன மனு. நாளைக்கு நீங்கதான் கூட்டிட்டுப் போகணும். செல்வி பேசுவா. நீங்க பக்கத்துல நின்னாப் போதும்."

பக்கத்தில் நிற்பதா? நானா?

மறுநாள் காலை பட்டுச்சேலை கட்டினேன். வேண்டுதல் பலித்ததால் மாவிளக்குப் போட வேண்டும். தட்டில் மாவிளக்கு, தேங்காய், பழம். அதன்மேல் இரண்டு மனு. ஒன்று பிள்ளைகளுடையது, அதையும் அம்மன் காலடியில் வைத்து எடுத்துப் போனால் காரியம் கூடும். மற்றொன்று என்னுடையது, வேண்டுதல் முடிந்ததால் அம்மனிடமே சேர்ப்பித்துவிட வேண்டும். இரண்டும் ஒரே நோட்டுத் தாள். இரண்டும் ஒரே மடிப்பு.

"அண்ணே, ஒண்ணு ஆத்தா காலடியிலேயே இருக்கட்டும். ஒண்ணு பூசை வச்சுத் திருப்பித் தாங்க, ஆபீசருக்குக் குடுக்கணும்" என்றேன் பூசாரி அண்ணனிடம்.

எது எது என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை, அதற்குள் கண்ணை மூடிவிட்டேன். திறந்தபோது ஒரு தாள் குங்குமத்தோடு என் தட்டில் இருந்தது. கண்ணில் ஒற்றிக்கொண்டேன். பிரித்தால் குங்குமம் கொட்டிப்போகும் என்று பிரிக்கவில்லை. பூசாரி அண்ணன் நடையைச் சாத்திப் பூட்டிவிட்டு, சைக்கிளில் தோட்டத்துக்குப் போனார்.

வழியில் செல்வி கேட்டாள். "அம்மா, நான் எப்பப் பேசணும்?"

"நீ சும்மா இரு. நான் குடுக்கேன். பெரியவ குடுத்தாத்தான் மதிப்பு."

"நாங்கதான் பேசணும்னு சித்தி சொன்னா..."

"சித்திக்குத்தான் தொண்டையே இல்லையே. பேசாம வா."

அவள் பேசாமல்தான் வந்தாள். ஒரு வாரமாக மனப்பாடம் செய்த முகம் எப்படி விழுந்தது என்று இப்போது நினைத்தால் தெரிகிறது. அப்போது நான் என் சேலை மடிப்பைப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

பள்ளிக்கூட மைதானத்தில் பந்தல். ஸ்ரீவில்லிபுத்தூர் யூனியன் ஆபீஸிலிருந்து ஒரு மேடம் வந்திருந்தார். பக்கத்தில் பஞ்சாயத்து கிளார்க்கு, கையில் மைக்கு. அவர் நல்ல மனுஷர். ஆனால் எதை வாசித்தாலும் ஒரே ராகம்தான். ஆரம்பித்தால் கடைசிப் புள்ளி வரை நிறுத்த மாட்டார், என்ன வாசிக்கிறோம் என்று தெரிந்துகொள்ளவும் மாட்டார்.

சரசு பெண்டுகளோடு உட்கார்ந்திருந்தாள். பிள்ளைகளைப் பின்னால் வரிசையாக நிறுத்திவிட்டு நான் முன்னால் போனேன். தட்டில் வெற்றிலை, பாக்கு, அரைக்கிலோ பால்கோவா, நடுவில் குங்குமம் பூசிய மனு. மேடம் எழுந்தே நின்றுவிட்டார். (சம்பந்தம் பேச வந்திருக்கிறேன் என்று நினைத்ததாகப் பிறகு சொன்னார்.) மனுவை மட்டும் எடுத்துக் கிளார்க்கிடம் கொடுத்து, "குழந்தைங்க மனு. சத்தமா வாசிங்க" என்றார்.

கிளார்க்கு தொண்டையைச் செருமினார்.

"அனுப்புநர், மு. பேச்சியம்மாள், நடுத்தெரு. பெறுநர், அருள்மிகு மாரியம்மன் அவர்கள், கோயில் வளாகம், இவ்வூர். பொருள், ஓரகத்தி சரஸ்வதியின் தொண்டையை அடைக்க வேண்டுதல் தொடர்பாக. அம்மையீர், வணக்கம்."

எனக்குக் காது அடைத்துப்போனது. கையை நீட்டினேன், குரல் வரவில்லை. (வேண்டுதல் என் தொண்டைக்கும் சேர்த்தே பலித்திருந்தது.) அவர் நிறுத்தவில்லை.

"மேற்படி சரஸ்வதி எனது கொழுந்தனார் மனைவி ஆவார். மேற்படியாள் வந்தது முதல் எனது கணவர் எனது ரசத்தைக் குறை சொல்கிறார். எனது கோழி மேற்படியாள் வீட்டில் முட்டை இடுகிறது. இதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன். எனவே சமூகம் அவர்கள் கருணைகூர்ந்து மேற்படியாளின் தொண்டையை ஒரு வாரத்துக்கு மட்டும், உயிருக்கு ஆபத்து இல்லாமல், அடைத்துத் தருமாறு பணிவன்புடன் கேட்டுக்கொள்கிறேன். நடந்தால் மாவிளக்குப் போடுகிறேன்."

பந்தல் அதிர்ந்தது. ஆம்பளைகள் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு சிரித்தார்கள். யாரோ, "ஏலே முருகேசா, ரசம் எப்படிலே இருந்துச்சு?" என்று என் வீட்டுக்காரரைக் கேட்டான். அவர் கொடிக்கம்பத்துக்குப் பின்னால் ஒளிந்தார். (கொடிக்கம்பம் மெலிசு, அவர் அப்படி இல்லை.) கிளார்க்கு மட்டும் சிரிக்கவில்லை. இன்னும் பாக்கி இருந்ததே.

"எனது மகள் பள்ளிக்கூடத்தில் தண்ணீர் குடிக்காமல் இருந்து காய்ச்சலில் விழுந்தாள். அதன் காரணத்தைப் பெற்ற தாயாகிய என்னிடம் சொல்லாமல் மேற்படியாளிடம் சொன்னாள். அதுதான் தாங்க முடியவில்லை. மேற்படியாளுக்குப் பேச்சு நின்றால் என் மகள் என்னிடம் பேசுவாள். வேறு எதுவும் வேண்டாம். இப்படிக்கு, தங்கள் உண்மையுள்ள பேச்சியம்மாள். நகல், ஆண்டாள் தாயார் அவர்கள், ஸ்ரீவில்லிபுத்தூர், தகவலுக்காக."

கடைசி வரிகளில் சிரிப்பு குறைந்துவிட்டது. அது எனக்கு இன்னும் மோசமாக இருந்தது. சிரித்தாலாவது மண்ணைப் பார்த்து நிற்கலாம். பெண்டுகளெல்லாம் என்னைப் பாவமாகப் பார்த்தார்கள்.

மேடம் கண்ணைத் துடைத்துக்கொண்டார். சிரித்து வந்த கண்ணீரா என்று தெரியவில்லை. "அந்தப் பொண்ணு ஏன் தண்ணி குடிக்கல?" என்று கேட்டார்.

சொல்ல வேண்டிய தாள் பூட்டிய கோயிலுக்குள் அம்மன் காலடியில் இருந்தது. சொல்லிக்கொடுத்தவளுக்குத் தொண்டை இல்லை. சொல்ல இருந்தவளின் வாயை நான் வழியிலேயே அடைத்துவிட்டேன்.

கிளார்க்கு நோட்டைப் புரட்டினார். "மனு இல்லன்னா பதிய முடியாது மேடம். பிள்ளைக விஷயத்த அடுத்த கூட்டத்துல வச்சிக்கிடுவோம்."

அடுத்த கூட்டம் என்றால் அதுவரைக்கும் அந்தப் பாட்டில் நிறைந்தே வரும். அது அப்போதுதான், ஊர் முன்னால் மானம் போய் நின்றபோதுதான், என் மண்டையில் ஏறியது. செல்வியைத் திரும்பிப் பார்த்தேன். எப்படியோ வாயைத் திறந்து, "சொல்லு தாயி" என்றேன்.

அவள் வரிசையிலிருந்து வந்து மைக்கு முன்னால் நின்றாள். கிளார்க்கைப் பார்த்துச் சொன்னாள்:

"சார், எங்கம்மா மனுவ முழுசா வாசிச்சீக. எங்க மனு நாலு வரிதான். நான் சொல்லுதேன், நீங்க எழுதிக்கோங்க."

சொன்னாள். தாழ்ப்பாள், தண்ணீர், கல்லெறிவது, கதவைப் பிடிப்பது, காய்ச்சல். சரசு சொல்லிக்கொடுத்தபடி தலையை நிமிர்த்தி. பின்னால் நின்ற பிள்ளைகள் ஒவ்வொருத்தியாக, "நானும் குடிக்க மாட்டேன் மேடம்", "நானும்" என்றார்கள். கிளார்க்கு அதே வேகத்தில் எழுதினார்.

மேடம் எழுந்து, "எங்க இருக்கு, காட்டு" என்றார். செல்வி முன்னால் நடந்தாள், நான் பின்னால். அங்கே போனதும் மேடம் ஒரு செகண்ட் தயங்கி, "நானும் காலையில ஏழு மணிக்குக் கெளம்புனவ. அம்மா, கதவக் கொஞ்சம் பிடிச்சுக்கோங்க" என்று உள்ளே போனார்.

பிடித்தேன். பட்டுச்சேலையோடு, ஒரு கையில் பால்கோவா, ஒரு கையில் கதவு. தகரக் கதவு, பிடிக்கிற இடம் துருவேறிக் கூர்மையாக இருந்தது. காற்றடித்தால் உள்ளே இழுத்தது. செல்வி பழக்கமாக வந்து அடியில் காலை முட்டுக் கொடுத்தாள். "இப்படி வைக்கணும்மா. கையில மட்டும் பிடிச்சா வெட்டிரும்" என்றாள். மூன்று சொல்லுக்கு மேல் என்னிடம் பேசியிருந்தாள். அவள் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தேன். கோடு கோடாக இருந்தது. அதை எத்தனை நாள் பார்க்காமல் சோறு போட்டிருக்கிறேன்!

மேடம் உள்ளே இருந்த குழாயைத் திருகிப் பார்த்தார், காற்றுதான் வந்தது, சரசு குரல் மாதிரி. வெளியே வந்து கிளார்க்கிடம் என்னென்னவோ சொன்னார். எனக்குக் கேட்கவில்லை. சரசு என் எதிரில் வந்து நின்றுவிட்டாள்.

அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்தால் வாங்கிக்கொள்ளவும் தயாராக இருந்தேன். கண்ணில் தண்ணீர் வழிய, சத்தமே வராமல், வயிற்றைப் பிடித்துக்கொண்டு அவள் சிரித்தாள். பிறகு என் காதருகே வந்து காற்றுக் குரலில் சொன்னாள்: "அக்கா... அனுப்புநர், பெறுநர், பொருள், நகல், ஒண்ணுகூடத் தப்பில்ல. பிள்ளைகளே இம்புட்டு நல்லா எழுதல."

சாயங்காலம் நடை திறந்ததும் பூசாரி அண்ணன் மற்ற மனுவோடு வீட்டுக்கே வந்துவிட்டார். "என்ன தாயி, ஆத்தாகிட்டப் போயி கக்கூஸ் கதவக் கேட்டிருக்கீக?" என்றார். சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து காற்று மட்டும் சிரித்தது.

பத்து நாளில் தாழ்ப்பாள் வந்தது. தண்ணீருக்குப் பிள்ளைகள் இன்னும் இரண்டு தடவை யூனியன் ஆபீஸுக்குப் போக வேண்டியிருந்தது. தை பிறந்த பிறகுதான் குழாயில் வந்தது. தாழ்ப்பாள் மேடம் போட்டது என்று சரசு சொல்கிறாள், பிள்ளைகள் கேட்டு வாங்கியது என்று செல்வி சொல்கிறாள். நான் ஒன்றும் சொல்வதில்லை. ஆனால் அந்த மனு முதலில் யார் காலடியில் இருந்தது என்பது எனக்குத் தெரியும். அதற்கும் ஒரு மாவிளக்குப் போட்டுவிட்டேன்.

செல்வி இப்போது ஸ்ரீவில்லிபுத்தூரில் பதினொன்று படிக்கிறாள். பாட்டில் காலியாக வருகிறது. எங்கள் இரண்டு வீட்டிலும் யாராவது இருமினால் போதும், என் கொழுந்தனார், "மதினி, நகல் யாருக்கு?" என்பார். சரசு கரகரத்த குரலோடு எழுந்தால் சுவரிலிருந்து எட்டிப் பார்த்து, "அக்கா, புதுசா மனு கினு போட்டீகளா?" என்பாள்.

போன வாரம் செல்வி பள்ளிக்கூடத்தில் பேச்சுப்போட்டிக்குப் பெயர் கொடுத்ததை என்னிடம் வந்து சொன்னாள். என்னிடம்! முதலில்! உடனே சுவரோரம் ஓடி, "ஏட்டி சரசு, உனக்குத் தெரியுமா?" என்றேன். "அப்படியாக்கா?" என்று கண்ணை அகல விரித்தாள். நடிப்பு. அவளுக்கு இரண்டு நாள் முன்பே தெரியும், அந்தக் கண்ணைப் பார்த்தால் எனக்குத் தெரியாதா!

அன்று சாயங்காலமே கோயிலுக்குக் கிளம்பினேன். வாசலில் என் வீட்டுக்காரர் மறித்தார். பூக்கூடையைக் கிளறிப் பார்த்தார், தேங்காய்க்கு அடியில் பார்த்தார், சுருக்குப்பையையும் உதறச் சொன்னார். பேனாவோ தாளோ இல்லை என்று தெரிந்த பிறகுதான் செருப்பை எடுத்துக் கொடுத்தார்.